இடது கன்னம்

அத்தியாயம் 3

திருடு போனதாகச் சொல்லப்பட்ட பொருளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கட்டைவிரல் உயரத்தில் ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பி. அதன் அடியில் உப்பு சிந்திக் கிடப்பதுபோல் கொஞ்சம் வெள்ளைத் தூள். இதற்காகவா ஒரு பெண்மணி எங்கள் அலுவலகத்துக்கு வந்து அழாமல் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்தேன். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம். அழாதவர்களுக்கு என்ன கொடுப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் அலுவலகம் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது. அதை நடத்துகிற சார் முன்பு காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். எரிந்த கடை நிஜமாகவே எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. நிறுவனத்தை விட்டு வந்த பிறகும் அந்தப் பட்டம் அவரை விடவில்லை. போலீஸ் என்று நினைத்து எழுந்து நிற்பவர்களைச் சார் திருத்த மாட்டார். நான் திருத்துவேன். தீப்பிடித்த பஞ்சு மூட்டைகளுக்குத்தான் இவர் இன்ஸ்பெக்டர் என்று சொல்லி உட்காரவைப்பேன். அவரிடம் எனக்குச் சம்பளம் துப்பறியத்தான். இந்தப் பேச்செல்லாம் இலவசம்.

வந்த பெண்மணி முகப்பூச்சு தயாரிக்கும் சிறிய தொழிற்சாலையில் க்ரீம் கலக்குபவர். அங்கே எல்லோருக்கும் அவர் கலவை அக்கா. புதிதாக அவர்கள் கொண்டுவரப்போகும் க்ரீமில் பெப்டைட் என்ற ஒன்று சேர்கிறது. முகச் சுருக்கத்தைக் குறைக்குமாம். தங்கத்தைவிட விலை அதிகம் என்பதால் ஃப்ரீசருக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி இரண்டு. ஒன்று அக்காவிடம், மற்றொன்று மருந்து நிபுணரிடம். முதலில் வேலை செய்த க்ரீம் திடீரென்று வேலை செய்யாமல் போனது. யாரோ அசல் தூளை விற்றுவிட்டுப் போலியை வைத்துவிட்டார்கள் என்று முதலாளி முடிவு கட்டினார். அந்த யாரோ அக்காதான் என்பதும் அவருடைய முடிவு. மறுநாள் சாயங்காலத்துக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் போலீசுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

"நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும் சார். அதை நீங்க கண்டுபிடிக்க வேணாம். யாரு எடுத்தாங்கன்னு சொல்லுங்க. என் வீட்டுக்காரர் என்கிட்ட பேசுறதில்ல."

வீட்டுக்காரர் அதே தொழிற்சாலையில் வேன் டிரைவர். அவர் அக்காவைத் திட்டவில்லை, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாப்பிட்டதும் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறாராம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்ததே இல்லையாம். தட்டைக் கழுவிவைக்கும் புருஷன் கிடைத்தால் நான் தினமும் திருடுவேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். போலீஸைப் பற்றிச் சொன்னபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை.

ஆகவே மறுநாள் காலை தொழிற்சாலைக்குள் நுழைந்தோம். தலைக்கு ஒரு வலைத்தொப்பி, காலுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. சாரின் வழுக்கைத் தலையில் அந்தத் தொப்பி எதைக் காப்பாற்றப்போகிறது என்று கேட்டேன். க்ரீமை என்றார்.

கலவை அறை பளிச்சென்று இருந்தது. எண்ணெயும் மெழுகும் ஒரு எவர்சில்வர் தொட்டியில் உருகிக்கொண்டிருந்தன, பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்ததும் சேர்த்துக் கடைய வேண்டும். ஆறி, விரல் வைத்தால் சுடாத பதத்துக்கு வந்த பிறகுதான் அந்தத் தூளைப் போட வேண்டும். சூட்டில் போட்டால் கெட்டுவிடும். இதையெல்லாம் சொன்னவர் மருந்து நிபுணர். முதலாளியின் மனைவிக்குத் தம்பி என்பதால் தொழிற்சாலை முழுக்க அவருக்கு மச்சான் சார் என்று பெயர். என் சந்தேகம் முழுவதும் அவர்மேல்தான் இருந்தது. அவரிடமும் ஒரு சாவி இருக்கிறது. பேசும்போது அடிக்கடி கழுத்தைத் துடைத்துக்கொண்டார். காய்ந்துகொண்டிருக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் யாருக்குமே வியர்க்கும் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

பெப்டைட் என்றால் என்ன என்று சார் கேட்டார். புரதத்தின் சின்னத் துண்டு என்றார் மச்சான் சார். வயதாக ஆகத் தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையில் சுணங்கிப்போகிறது. இந்தத் துண்டு உள்ளே போய், வேலையைப் பார் என்று தோலுக்குச் சொல்லுமாம்.

"அப்ப மேஸ்திரி மாதிரின்னு சொல்லுங்க," என்றேன். "உக்காந்திருக்கிற தோலைப் போயி அதட்டும். அதட்டினா கேக்குமா?"

"முதல் சுற்றுல கேட்டுச்சு. ரெண்டாவது சுற்றுல கேக்கல. அதான் பிரச்சினை," என்றார் அவர். சிரிக்கவில்லை.

சோதனையை அவர்கள் நடத்திய விதம் இதுதான். ஒவ்வொருவருக்கும் இரண்டு டப்பா. நீல மூடி போட்டதில் பெப்டைட் சேர்ந்த க்ரீம், வெள்ளை மூடி போட்டதில் அதே க்ரீம் பெப்டைட் இல்லாமல். நீல மூடி க்ரீமை இடது கன்னத்தில் பூச வேண்டும், வெள்ளை மூடி க்ரீமை வலது கன்னத்தில். அத்தனை பேருக்கும் இதே விதி. இந்த ஏற்பாடு கலவை அக்கா செய்தது. முன்பு வேறொரு க்ரீமைச் சோதித்தபோது ஆளுக்கொரு பக்கம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்ததில் பாதிப் பேருக்கு எந்தப் பக்கம் எது என்றே மறந்துபோனதாம். இனிமேல் நீலம் என்றால் இடது, யாரும் குழம்பக் கூடாது என்று அக்கா மூடிமேலேயே எழுதி ஒட்டிவிட்டார்.

முதல் சுற்றுக்கு வேன் ஆட்களைப் பிடித்தார்கள். எங்கும் ஓடிப்போகாமல் தினமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். சோதனையின் கடைசியில் வாடகைக்கு ஒரு படமெடுக்கும் கருவி வந்தது. படங்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. எனக்கே வித்தியாசம் தெரிந்தது. எல்லா முகத்திலும் இடது பக்கம் சுருக்கம் குறைவு, வலது பக்கம் உழுது போட்ட மாதிரி இருந்தது. முதலாளி அந்தப் படங்களைக் காட்டிக் கூட்டாளிகளைப் பிடித்தார், கடைகளில் ஆர்டரும் வாங்கினார். எதற்கும் ஒருதடவை உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று பேக்கிங் பெண்களை வைத்து இரண்டாவது சுற்று நடத்தினார்கள். இடதும் வலதும் ஒன்றுபோல இருந்தன. கடுகளவு வித்தியாசம்கூட இல்லை.

"பூச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த படம் இருக்கா?" என்று சார் கேட்டார்.

அது எதற்கு என்று மச்சான் சார் திருப்பிக் கேட்டார். ஒரே முகம், ஒரு பக்கம் தூள் சேர்ந்தது, மறுபக்கம் சேராதது. முகத்துக்கு முகமே சாட்சி. கருவிக்கு இரண்டு தடவை வாடகை கொடுக்க வேண்டாம் என்று முதலாளியும் சொல்லிவிட்டாராம்.

சார் சுவர் ஓரமாகவே நடந்து படங்களைப் பார்த்தார். முதல் சுற்றில் எல்லோருக்குமே இப்படித்தான் வந்ததா என்றார். எல்லோருக்கும்தான் என்று சொன்ன மச்சான் சார், கொஞ்சம் தயங்கி, ஒருத்தரைத் தவிர என்றார். லோடுமேன் ஒருவர் இருக்கிறாராம். வலது எது இடது எது என்று தெரியாத ஆளாம். இரண்டு டப்பாவையும் மாற்றிப் பூசித் தொலைத்ததில் அவருக்கு வலது கன்னம் வழுவழுவென்றும் இடது கன்னம் சுருங்கியும் வந்துவிட்டதாம். அந்தப் படத்தைக் கணக்கில் சேர்க்காமல் எடுத்துவிட்டார்களாம்.

எனக்குச் சாரைத் தெரியும். பத்துப் பேர் ஒரே கதையைச் சொன்னால் அவர் கொட்டாவி விடுவார். ஒருத்தர் உளறினால் நிமிர்ந்து உட்காருவார். காலில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றவும் மறந்து சரக்கு ஏற்றும் இடத்தைப் பார்த்து நடந்தார். சரக் சரக்கென்ற சத்தத்தோடு நானும் பின்னால் போனேன்.

அங்கே அட்டைப்பெட்டி அடுக்கின் மேல் அந்த லோடுமேன் உட்கார்ந்திருந்தார். அகலமான தோள், நரைத்த மீசை. வேறு விசாரணையே தேவைப்படவில்லை. டிரைவர் ஒருவர், தலைகீழ் அண்ணே, உன்னைத் தேடி ஆள் வந்திருக்கு என்று குரல் கொடுத்துவிட்டார்.

"அதுக்கு முன்னாடி என்னைப் பயில்வான்னு கூப்பிட்டாங்க சார்," என்றார் லோடுமேன். "அந்த க்ரீமைப் பூசினதுல இருந்து தலைகீழ். நான் சரியாத்தான் பூசினேன். நீலம் இடதுன்னு தினம் சொல்லிக்கிட்டே பூசினேன். என் பொண்டாட்டியைக் கேட்டுப் பாருங்க, தூக்கத்துலயும் நான் அதைத்தான் சொன்னேனாம்."

சோதனை முடிந்து பல மாதமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சொட்டு க்ரீம்கூட அவர் முகத்தில் படவில்லை. ஆனாலும் இடது கன்னத்தில் வரிகள் ஆழமாக இருந்தன, வலது கன்னம் அவரைவிட இளைய ஆளுடையதுபோல இருந்தது. சார் மற்ற டிரைவர்களையும் கூப்பிட்டார். ஒவ்வொருவராக முகவாயைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினார்.

"மாட்டுச் சந்தையில பல்லையும் பாப்பாங்க சார்," என்றேன்.

டிரைவர்கள் சிரித்தார்கள். எல்லோருக்கும் வலதில்தான் சுருக்கம் அதிகம். க்ரீம் தந்த பலன் இன்னும் நீடிக்கிறது என்று அவர்களே பெருமையாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் யாருமே தன் இரண்டு கன்னத்தையும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை என்று சார் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். மீசை ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் கண்ணாடி பார்க்கிற கூட்டம்.

அப்போதுதான் எனக்குப் பெரிய துப்பு கிடைத்தது. கிடைத்ததாக நினைத்தேன். கடைசியாக நின்ற டிரைவர் போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். சோதனை நடந்தபோது இந்த ஊரிலேயே இல்லை, வெளியூரில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் இடது கன்னம் வழுவழுவென்று இருந்தது. சாரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். ஆள் மாட்டிக்கொண்டார், திருட்டுத் தூளை வாங்கிப் பூசுகிறவர் இவர்தான், யாரிடம் வாங்கினார் என்று பிடித்தால் கதை முடிந்தது என்றேன்.

"பூசுறவர் ஏன் ஒரு பக்கம் மட்டும் பூசுறாரு?" என்றார் சார்.

பாதி விலைக்குக் கிடைத்திருக்கும் என்றேன். சார் அதைக் காதில் வாங்கவில்லை.

நிறுத்தியிருந்த வேன் ஒன்றில் அந்தப் புது டிரைவரை ஏறி உட்காரச் சொன்னார். அவர் வலது பக்கம் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். லோடுமேனை, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரச் சொன்னார். இத்தனை வருஷமும் அவர் உட்கார்ந்த இடம் இடது பக்க ஜன்னலோரம். டிரைவர் பழக்கதோஷத்தில் வலது முழங்கையை ஜன்னல்மேல் வைத்தார், லோடுமேன் இடது முழங்கையை வைத்தார்.

"சட்டைக் கையை மடிச்சுவிட்டு ரெண்டு பேரும் ரெண்டு கையையும் நீட்டுங்க."

நீட்டினார்கள். டிரைவருக்கு வலது கை கறுத்துச் சுருங்கியிருந்தது, இடது கை அப்படியில்லை. லோடுமேனுக்கு இடது கை கறுத்திருந்தது, வலது கை வெளுப்பாக இருந்தது.

"கையில யாரும் க்ரீம் பூசலயே," என்றார் சார்.

வெகுநேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்ததுபோல் நினைவு. நிஜத்தில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகியிருக்காது. வெயில். ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் வருஷக்கணக்காக விழுந்த வெயில். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் தோலைக் கெடுக்கும் பங்கு கொஞ்சம் உள்ளே வந்துவிடும் என்று மச்சான் சாரே பிறகு சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. டிரைவர்களின் இடது கன்னம் க்ரீமுக்கு முன்பே நன்றாக இருந்தது. வேனில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவருக்கு மட்டும் எதிர்ப்பக்கம் வந்தது. பேக்கிங் பெண்கள் கூரைக்கடியில் வேலை செய்பவர்கள், அவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். முதல் சுற்றிலும் அந்தத் தூள் ஒன்றும் செய்யவில்லை, இரண்டாவது சுற்றிலும் ஒன்றும் செய்யவில்லை. எதுவும் திருடு போகவே இல்லை. திருடனே இல்லாத ஒரு திருட்டுக்குத்தான் இத்தனை நாளும் திருடனைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

லோடுமேனிடம் சார், காரணத்தைச் சொல்லாமல், நீங்க சரியாத்தான் பூசியிருக்கீங்க என்று மட்டும் சொன்னார். அப்ப இனிமே பயில்வானா என்று அவர் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை, அவர் நிஜமாகத்தான் கேட்டார்.

இரண்டு வேன் தள்ளி அக்காவின் வீட்டுக்காரர் நின்றிருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். மற்ற டிரைவர்கள் வரிசையில் நின்றபோதும் அவர் வரவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குக் கால் பரபரத்தது. முதலில் முதலாளி, அப்புறம் மற்றவர்கள், அதுதான் முறை என்று சார் தடுத்துவிட்டார். முறையை மீறிப் பழக்கமில்லாதவள் நான். அன்றைக்கு மட்டும் மீறியிருக்கலாம்.

முதலாளியின் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு சோபா, வரப்போகும் க்ரீமின் பெரிய விளம்பர அட்டை. அதில் ஒரு பெண் இடது கன்னத்தைத் தொட்டுக்கொண்டு சிரித்தாள். முதலாளி கத்துகிற ஆள் இல்லை. எங்களுக்குத் தண்ணீர் வரவழைத்து, சார் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். ஜன்னல், முழங்கை, லோடுமேன், எல்லாவற்றையும். மச்சான் சார் பக்கத்தில் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் முடித்ததும் மச்சானை வெளியே போகச் சொல்லிவிட்டு முதலாளி கதவைச் சாத்தினார்.

"வெயில் விஷயம் எனக்குத் தோணல," என்றார். "ஆனா தூள் நல்ல தூள்தான்னு தெரியும். போன மாசமே வெளிய ஒரு லேப்ல குடுத்துப் பாத்துட்டேன். அசல். குறையவும் இல்ல, மாறவும் இல்ல."

எனக்கு வழக்கமாக வரும் நக்கல் ஒன்றும் வரவில்லை.

தெரிந்துகொண்டே அந்த அம்மாவைத் திருடி என்றீர்களா என்று சார் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. முதலாளியும் உயர்த்தவில்லை. கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாக விளக்கினார். தூள் திருடு போனது என்றால் கூட்டாளிகள் பரிதாபப்படுவார்கள், மறுபடி வாங்கிக்கொள் என்பார்கள், முதல் சுற்றுப் படத்தோடு க்ரீம் கடைக்குப் போகும். தூளே வேலை செய்யாது என்றால் போட்டதைத் திருப்பிக் கேட்பார்கள். கேட்ட அன்றைக்கே இந்தக் கதவைச் சாத்த வேண்டியதுதான். டிரைவர், லோடுமேன், பேக்கிங் பெண்கள், கடைசியில் இந்த மச்சான், எல்லோரும் தெருவில் நிற்பார்கள்.

"ஒருத்தங்க பேரு கெடுது. மத்த எல்லார் வீட்டுலயும் அடுப்பு எரியுது. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?"

கூட்டாளிகளிடம் நாங்களே போய்ச் சொல்வோம் என்றார் சார். சொல்லுங்கள் என்றார் முதலாளி. ஆனால் உங்களைக் கூப்பிட்டு வந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க என்று மேசைமேல் இருந்த மணியை அழுத்தினார். போலீஸ் வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாம். மதியமே பேசி முடித்துவிட்டார்களாம். அக்கா ஒப்புக்கொண்டுவிட்டாராம்.

நாங்கள் டிரைவர்களின் கன்னத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்.

கலவை அக்கா தலைத்தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். சோபா இருந்தும் உட்காரவில்லை. சார் எழுந்து நின்று, நீங்க எடுக்கல, யாருமே எடுக்கல என்றார். ஒன்றையும் விடாமல் சொன்னார். லேப்பில் பார்த்ததையும் சேர்த்துச் சொன்னார், முதலாளியின் முகத்துக்கு நேராகவே. அக்கா முதலாளியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்த கோபம் எதுவும் அந்த முகத்தில் வரவில்லை. கலவை திரிந்துபோனால் எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று முதலிலிருந்து யோசிப்பார்களே, அப்படி யோசித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் நீலம் இடதுன்னு வச்சது நான்தானே," என்றார். "பழையபடி மாத்தி மாத்திக் குடுத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

பாதிப் பேருக்கு நீலம் வலது என்று கொடுத்திருந்தால் அந்தப் படங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு முதல் நாளே குட்டு உடைந்திருக்கும். யாரும் குழம்பக் கூடாது என்று ஒழுங்குபடுத்தியதில்தான் இது ஒளிந்துகொண்டது. நீங்க ஒழுங்கா இருக்கணும்னுதானே செஞ்சீங்க என்றார் சார். ஒழுங்காத்தான் செஞ்சேன் என்றார் அக்கா.

ஒப்புக்கொண்டதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சார் சொன்னார். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். அக்கா சத்தமில்லாமல் வேலையை விட்டுப் போய்விட வேண்டும், வீட்டுக்காரர் வேலையில் இருக்கலாம். அதுதான் பேச்சு. இந்த வயதில் அவரை வேறு யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள். தொழிற்சாலையை மூடினாலும் அவர் வேலைதான் போகும். எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகிறது. சார் இன்னும் இரண்டு வழி சொல்லிப் பார்த்தார். இரண்டும் அங்கேதான் போய் முட்டின. கூப்பிட்டு வந்தவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு எங்களுக்கு அங்கே வேலை இல்லை.

வெளியே மாடிப்படியில் நான் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஊருக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், வீட்டுக்காரரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். அதற்காகத்தானே எங்களிடம் வந்தீர்கள் என்றேன்.

"சொன்னா அவரு சும்மா இருப்பாராம்மா? நேரா மேல ஏறி வந்து முதலாளி சட்டையைப் பிடிப்பாரு. அன்னிக்கே வேலை போயிடும். என் மேல கோவமா இருக்கிற வரைக்கும் வண்டி ஓட்டுவாரு."

"நீங்க திருடினதா நினைச்சுக்கிட்டே இருப்பாரே அக்கா."

"இருக்கட்டும்," என்றார். பிறகு இரண்டு படி இறங்கித் திரும்பினார். "சார்கிட்ட கேக்க அவருக்குக் கூச்சமா இருக்கும். உன்கிட்டதான் கேப்பாரு. ஆமான்னு சொல்லிடு. நானே சொன்னா என் கண்ணைப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவாரு. நீ சொன்னா நம்புவாரு."

என்னால் முடியாது என்று சொன்னேன். அக்கா என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கலவை அறைக்குள் போனார். தொட்டியில் கடைந்த க்ரீம் ஆறியிருக்கும், தூளைப் போட வேண்டும், பாதியில் விட்டால் கெட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

சரக்கு ஏற்றும் இடத்தில் வெயில் சாய்ந்திருந்தது. லோடுமேன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். சார் முன்னால் வாசலுக்குப் போய்விட்டார். வேண்டுமென்றேதான் போனார் என்று நினைக்கிறேன், கேட்டதில்லை. வீட்டுக்காரர் வேன் கதவில் சாய்ந்து நின்றார். நான் அவரைத் தாண்டிப் போய்விடலாம் என்று வேகமாக நடந்தேன். அவர் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார்.

"எடுத்தாளாம்மா?"

எங்கள் கீழ்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிலிருந்து நீதிபதி வரை எல்லோருக்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். அவருடைய வலது கன்னத்தின் வரிகளைப் பார்த்துக்கொண்டு, ஆமா என்றேன்.

அவர் தலையாட்டினார். கையிலிருந்த துணியை மடித்தார், பிறகு பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நான் நம்பவே இல்ல," என்றார். "எடுத்தியான்னு கேட்டா சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுமேன்னுதான் கேக்காமலே இருந்தேன். அதைப் பத்திப் பேச்சு வந்துடக் கூடாதுன்னு வேற பேச்சும் பேசல. நீங்க வந்ததும், சரி, இன்னிக்கு முடிஞ்சிடும்னு நினைச்சேன்."

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் திறந்தேன். மாடி ஜன்னலில் முதலாளி நின்றிருந்தார். லோடுமேன் பின்கதவைச் சாத்தி, போலாம் என்று இரண்டு தட்டு தட்டினார். வீட்டுக்காரர் துணியைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார், வண்டியைக் கிளப்பினார். கடைகளுக்குப் போக வேண்டிய சரக்கு, நேரத்துக்குப் போய்ச் சேரும்.

வாசலில் சார் நின்றிருந்தார்.

"என்ன சொன்ன?" என்றார்.

"அக்கா சொல்லச் சொன்னதை."

வேன் எங்களைத் தாண்டித் தெருவில் திரும்பியது. தொழிற்சாலைக்குள் கடையும் கருவி மறுபடி ஓடத் தொடங்கியது.